நடுவயதில் உடலோம்பல்

யாக்கை நிலையாதது என்று நாடோறும் கேட்டும் ஓதியும் வருகின்ற சைவ நன்மக்கள், அந்த யாக்கையை ஓம்புதற்குரிய ஊக்கத்தை எங்கிருந்து பெறுவது? இவ்வினா இளமையில் எழுவதில்லை. அப்பருவத்தில் உடம்பு கேளாமலே பணிசெய்கின்றது. நாற்பத்தைந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்து, இடை பருத்து, முழந்தாள் நோவத் தொடங்கும் காலத்திலேதான் எழுகின்றது. எழுந்தபோதும் பலர் இதனை மருத்துவரிடம் கேட்கத்தக்க வினா என்றே கருதுகின்றனர். எவ்வளவு உண்ணலாம், எவ்வளவு நடக்கலாம் என்பவற்றை மருத்துவர் கூறுவர். எதன்பொருட்டு என்பதை அவர் கூறார். அது சமயநூலை நோக்கிக் கேட்கவேண்டிய வினா.

இத்தளர்ச்சி முதலில் வெளிப்படும் இடம் எது என்று நோக்குதல் நன்று. அலுவலகத்தில் அன்று, அங்கே நாற்காலி உண்டு. வீட்டிலும் அன்று, அங்கே ஏவல்கேட்கப் பிள்ளைகள் உளர். திருக்கோயிலிற் கொடிமரத்தின் முன்னரே அது முதலில் வெளிப்படுகின்றது. ஆடவர்க்கு விதிக்கப்பட்ட அட்டாங்க வணக்கத்தில் தலை, கையிரண்டு, செவியிரண்டு, மோவாய், புயமிரண்டு ஆகிய எட்டுறுப்பும் நிலந்தோய வேண்டும். மகளிர்க்குரிய பஞ்சாங்க வணக்கத்தில் தலையும் கைகளும் முழந்தாள்களும் தோய வேண்டும். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தம் சைவவினாவிடையில் இவ்வணக்கத்தை மூன்றுமுறைக்குக் குறையாமற் செய்ய வேண்டுமென்று விதித்து, ஒருமுறை இருமுறை செய்தொழிதலைக் குற்றம் என்று கூறினார். ஐம்பது வயதினர் பலர்க்கு இவ்விதி இந்நாளில் ஏட்டளவில் நின்றுவிட்டது. வீழ்தற்கு வயிறு இடந்தருவதில்லை; வீழ்ந்தால் அருகில் நிற்பார் கைகொடுத்தாலன்றி எழ முடிவதில்லை. ஆதலின் கைகூப்பியவாறே அப்பாற் செல்கின்றனர். விசேட தீக்கை பெற்றுச் சிவபூசை மேற்கொண்டவரோ, இருக்கையிற் கால்மடக்கி அமரமாட்டாமல் பூசையையே சுருக்கிக்கொள்கின்றனர். அண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் வழியை இளமையில் வெறுங்காலால் நடந்தவர், இன்று ஆட்டோவில் அமர்ந்து அட்ட இலிங்கங்களையும் கண்டு மீள்கின்றனர். இவர் இழந்தது உடலழகு என்று உலகம் கூறும். இழந்தது வழிபாடு என்பதே உண்மை.

இனி, உடலைத் திருத்த முற்படுவோரை உந்துவன யாவை? பெரும்பாலும் அச்சமும் நாணமுமே. குருதியிற் சருக்கரை மிக்கது என்று ஆய்வுக்கூடத்துத் தாள் கூறினால் அச்சம் பிறக்கின்றது. இவ்வச்சம் பொய்யானதன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உதவியோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்நாட்டில் நீரிழிவுடையார் ஏறத்தாழ 10.1 கோடி பேர் என்று மதிப்பிட்டது. ஆயினும் அச்சத்தினால் எழுந்த முயற்சி பெரும்பாலும் அடுத்த ஆய்வுத் தாள் சிறிது நன்றாக வந்த அன்றே ஓய்ந்துவிடும். நாணமும் அத்தகையதே. மகள் திருமணத்தில் எடுத்த நிழற்படத்தைக் கண்டு நாணியவர் ஒரு திங்கள் நடப்பார்; பின்னர் அப்படத்தைப் பேழையில் வைத்துவிட்டு அமர்ந்துவிடுவார். இவை நிலையாமைக்குக் காரணம் யாதெனின், இரண்டும் உடம்பையே ‘யான்’ என்று கொண்டு எழுந்தமையாம். ‘யான் அழிவேன்’ என்பது அச்சம். ‘யான் அழகிலேன்’ என்பது நாணம். ஆணவத்தில் வேர்கொண்டது, அவ்வாணவத்திற்கே மற்றோர் இன்பம் எதிர்ப்பட்டவழி அதன்பாற் சாயும். தட்டில் வைத்த சருக்கரைப் பொங்கலும் ‘யான்’ உண்பதுதானே!

சித்தாந்தம் உடம்பை ‘யான்’ என்றும் கூறாது, ‘எனது’ என்றும் கூறாது. தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும், ஆணவ இருளில் அறிவிழந்து கிடந்த உயிர்க்கு, அவ்விருள் நீங்கும்பொருட்டு, மாயையினின்றும் இறைவன் தோற்றுவித்து வழங்கியவை. உமாபதிசிவாசாரியார் திருவருட்பயனில், மாயையின் காரியமாகிய இவ்வுடம்பு முதலியவற்றை விடியுமளவும் துணையாக நிற்கும் விளக்கோடு ஒப்பிட்டனர். ஞாயிறு எழுந்தபின் விளக்கு வேண்டா என்பது மெய்யே. எழுவதற்கு முன்னரே அதனை அணையவிடுவான் அறிவுடையனல்லன். இவ்வுவமையை இன்னும் சிறிது விரித்து நோக்கலாம். எண்ணெய் வற்றினாலும் விளக்கு அணையும். எண்ணெய் மிகுந்து திரி மூழ்கினாலும் அணையும். வறுமையினால் முன்னது நேர்ந்தது நம் முன்னோர் காலம். இக்காலத்து நடுவயதினர் பலர்க்கு நேர்வது பின்னது. திருமூல நாயனாரும் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில், முன்பு உடம்பை இழிந்ததாக எண்ணியிருந்ததையும், இறைவன் அதனகத்தே கோயில்கொண்டமை கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதையும் தம் அனுபவமாகவே கூறினர். காண்டற்குரியது, அவர் பேணத் தொடங்கியது அச்சத்தினால் அன்று, உள்ளிருப்பவனை அறிந்தமையால்.

அற்றேல், பட்டினத்தடிகள் முதலாயினோர் இவ்வுடம்பை அத்துணை இழித்துரைத்தது என்னை எனின், அவர் இழித்தது உடம்பின்கண் வைக்கும் பற்றினை. பற்றற்றார் உடம்பைக் கவனியாதிருத்தலும், பற்றுடையார் கவனியாதிருத்தலும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றினும் உள்ளே வேறு. உடம்பு பொய் என்று மேடையிற் பேசிவிட்டு, அப்பொய்யுடம்பின் நாவிற்கு நாளும் நான்குவேளை ஏவல்செய்வது துறவாகாது. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரத்தில் ஐம்பொறிகளை வேடராகவும், அவரிடையே வளர்ந்து தன் குலத்தை மறந்த அரசிளங்குமரனாக உயிரையும் உருவகித்தனர். அவ்வேடருள் நடுவயதில் வலிமை குன்றாதவன் நாவென்னும் வேடனே. கண் மங்கும், செவி மந்தமாகும். நாவோ ஆண்டு செல்லச் செல்ல நுட்பம் பெறுகின்றது.

மற்றொரு சாரார், பருத்தலும் நோயுறுதலும் பிராரத்த வினை. நுகர்ந்தே கழித்தல் வேண்டும் என்பர். இதற்கு விடை திருஞானசம்பந்தப் பிள்ளையார் வரலாற்றிலேயே உளது. கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் உடன்வந்த அடியார்கள் நளிர்சுரத்தால் வருந்தியபோது, வினையின் பயன் என்று சொல்லி வாளாவிருத்தல் அடியார்க்கு இழிவு என்பதே அவர் அங்கருளிய திருப்பதிகத்தின் கருத்து. கைகளால் தொண்டுசெய்து திருவடியைப் போற்றுமாறு அவர் பணித்தனர். பிராரத்தம் இன்ன உடம்பைத் தந்தது என்பது உண்மையே. இன்று இரவு இரண்டாமுறை சோறு வாங்குதல் பிராரத்தம் அன்று, அஃது ஆகாமியத்திற்கு வித்து. ‘வயதாயிற்று, உடம்பின் அனல் குறைந்தது’ என்னும் வழக்கமான கூற்றும் ஆராயத்தக்கது. 29 நாடுகளைச் சார்ந்த 6,400க்கு மேற்பட்டோரை அளந்து 2021இல் ‘சயன்ஸ்’ என்னும் ஆராய்ச்சி இதழ் வெளியிட்ட கட்டுரை, உடலின் அளவைக் கழித்து நோக்கின் ஒருநாளில் உடம்பு செலவிடும் ஆற்றல் 20 வயது முதல் 60 வயது வரை பெரிதும் மாறுவதில்லை என்று காட்டிற்று. அனல் குறையவில்லை, நடை குறைந்தது, உணவு குறையவில்லை.

இவ்வளவும் அறிந்தார்க்கும் ஊக்கம் பிறந்துவிடுகின்றதா? இல்லை. உடம்பு இறைவன் தந்த கருவி என்பதை விளக்கமாகச் சொற்பொழிவாற்ற வல்லாரே, காலையில் எழுந்து நடக்க மாட்டாதிருத்தலைக் காண்கின்றோம். ஈண்டுத்தான் சைவம் வகுத்த சாதன முறையின் அருமை புலப்படும். உள்ளம் கனிந்தபின்னரே உடம்பு தொழிற்படவேண்டும் என்று சைவம் கூறவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் முதலாவதாகிய சரியை, பெரும்பாலும் கைகால்களின் தொழில். திருவலகிடுதல், திருமெழுக்கிடுதல், மலர்கொய்தல், மாலைதொடுத்தல், வலம்வருதல், வீழ்ந்து வணங்குதல் ஆகிய இவற்றைச் செய்பவனுக்குத் தொடக்கத்தில் அன்பு எவ்வளவு உண்டு என்று ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை. செய்யச் செய்ய அன்பு விளையும் என்பதே ஆகமங்களின் துணிபு. ஊக்கம் வரட்டும், பின்னர் எழுவோம் என்று காத்திருப்பவர், ஞானம் வரட்டும், பின்னர் அலகிடுவோம் என்று காத்திருப்பவரையே ஒப்பர்.

இதற்குப் புறத்தே ஒரு சான்றும் உண்டு. இலண்டன் மாநகரத்து இரட்டையடுக்குப் பேருந்துகளின் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டு ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் 1953இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஒரே நிறுவனத்தார், ஒரே வண்டியிற் செல்வோர். எனினும் நாள்முழுதும் அமர்ந்திருந்த ஓட்டுநரைவிட, சீட்டு வழங்குதற்காக மேலடுக்கிற்குப் படியேறி இறங்கிய நடத்துநர்க்கு இருதயநோய் குறைவாயிருந்தது. ஓட்டுநரின் உடுப்பளவு பணிக்குச் சேர்ந்தபோதே பெரிதாயிருந்தமையை 1956இல் அவரே எடுத்துக்காட்டியதனால், வேறுபாடு முழுவதும் படியேற்றத்தால் விளைந்தது என்று துணிதல் ஆகாது. ஈண்டுக் கொள்ளத்தக்கது வேறு. அந்நடத்துநருள் எவரும் இருதயத்தைக் காக்கவேண்டும் என்று எண்ணிப் படியேறியவரல்லர். மேலே பயணிகள் இருந்தனர், ஆதலின் ஏறினர். கடமை கால்களை நடத்திற்று; ஊக்கம் உண்டோ இல்லையோ என்று உசாவுதற்கு அவர்க்குப் பொழுதில்லை. மாரிஸும் தம் ஆராய்ச்சியைத் தாமே கைக்கொண்டு 99 ஆண்டுகள் வாழ்ந்து 2009இல் மறைந்தனர்.

இங்ஙனமாயின், இளைத்தற்பொருட்டு வலம்வரலாமோ, பருமன் குறைதற்பொருட்டு நூறுமுறை வீழ்ந்து வணங்கலாமோ எனச் சிலர் வினவுவர். ஆகாது. அது வழிபாட்டை உடம்பிற்குக் கருவியாக்குவது. உடம்பை வழிபாட்டிற்குக் கருவியாக்குவதே முறை. அன்றியும், திருக்கோயிலில் வலம்வருங்கால் அடிகளை மெல்லென வைத்து நடக்கவேண்டும் என்பது விதி. உடற்பயிற்சிக்குரிய விரைந்த நடை பிராகாரத்திற்கு ஒவ்வாது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட நெறிமுறை, வாரத்திற்கு 150 நிமிடங்களுக்குக் குறையாத மிதமான உழைப்பையும், இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியையும் வளர்ந்தோர்க்கு வேண்டுகின்றது. இதற்குத் தெருவும் திடலும் வீட்டு மாடிப்படியும் போதும். அவ்வாறு நடத்தல் பூசை அன்று எனின், பூசைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்குதலும் பூசை அன்றுதான். துலக்காத பாத்திரத்திற் பூசை நடப்பதில்லை. நாளை கொடிமரத்தின் முன் வீழ்ந்து எழுதற்காக இன்று தெருவில் நடக்கின்றோம் என்று நடப்பவருடைய நடை, நிழற்படத்திற்கு நாணி நடப்பவருடைய நடையினும் நெடுநாள் நிற்கும். நிழற்படம் பேழைக்குட் போகும். கொடிமரமோ நாள்தோறும் எதிரே நிற்கும்.

உணவைப் பற்றிப் பெரிதும் கூறவேண்டுவதில்லை. திருவள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்திற் பெரும்பகுதியை உணவின் அளவிற்கே ஒதுக்கினர்; அதனை ஒருமுறை படித்தல் அமையும். விரதத்தைப் பற்றி ஒன்று சொல்லுதற்குரியது. சோமவாரம், பிரதோடம் முதலிய விரதங்கள் உண்ணாமையைப் பழக்கி நாவை அடக்குதற்கு வகுக்கப்பட்டவை. இந்நாளிற் பல இல்லங்களில் சோற்றிற்கு மாற்றாகப் பூரியும் கேசரியும் வடையும் வந்து, விரதநாளே மிக உண்ணும் நாளாயிற்று. அன்னம் விடப்பட்டது, அளவு விடப்படவில்லை. நீரிழிவிற்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாது பட்டினி கிடத்தல் கூடாது என்பதும் நினைவிற் கொள்ளவேண்டும். சருக்கரை திடீரெனத் தாழ்ந்து மயங்கி வீழ்தலை எந்த ஆகமமும் விதித்திலது.

இத்துணையும் கூறியதனால், பருத்த உடலினரைக் கண்டு இகழ்தற்கு எவர்க்கும் உரிமை பிறந்துவிடாது. திருநாவுக்கரசர் சூலைநோயால் வருந்தினர். சுந்தரர் கண்ணொளி இழந்தனர். அவ்வுடம்புகளை நோக்கி அவர்தம் அன்பை அளந்தார் எவருமிலர். மகப்பேற்றினாலும், மருந்தின் விளைவினாலும், உறக்கமின்றி இரவிற் பணிசெய்தலினாலும் உடல் பருத்தார் பலர் உளர். அவர் முயற்சி பிறர் கண்ணுக்குத் தோன்றுவதன்று. முழந்தாள் தேய்ந்து, மருத்துவர் நிலத்தில் அமரலாகாது என்று தடுத்த முதியவர், உயர்ந்த பலகையில் அமர்ந்து பூசை செய்தலில் குறையொன்றும் இல்லை. குறை யாரிடத்தது எனின், இன்னும் வீழ்ந்து எழத்தக்க முழந்தாளைப் பெற்றிருந்தும், அந்த முதியவரைக் காட்டித் தமக்கும் ஒரு பலகை செய்வித்துக்கொள்ளும் ஐம்பது வயதினரிடத்தது. அவர் இன்று மூன்றுமுறை வீழ்ந்து எழ இயலாராயின், வீட்டுச் சுவரைப் பற்றிக்கொண்டு அமர்ந்தெழுதலை நாளைக் காலையில் ஐந்துமுறை செய்து பார்க்கட்டும். வரும் திருவாதிரைக்குக் கைகொடுப்பார் இன்றிக் கொடிமரத்தின் முன் ஒருமுறையேனும் எழுந்துவிடலாம். நாவலர் விதித்த எஞ்சிய இரண்டிற்கும் அடுத்த ஆண்டுத் திருவாதிரை உண்டு.