தோல்வியின் மானம்

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு வாங்க வருவோர் சேலையின் முந்தானையை விரித்ததும் சரிகையை விரலால் தேய்த்துப் பார்ப்பதுண்டு. வெள்ளி இழையில் பொன்முலாம் ஏற்றிய அசலா, அல்லது போலியா என்ற ஐயம் அவர்களுக்கு. ஏமாற்றியவர் எங்கோ இருக்கிறார். ஐயத்துக்கு ஆளாகி நிற்பவரோ நாணயமான நெசவாளி. போலியின் கொடுமை அதை வாங்கியவரோடு முடிவதில்லை. உண்மையையும் அது குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுகிறது.

விளையாட்டுக் களத்திலும் இத்தகைய போலி ஒன்று உண்டு. அதுதான் போலித் தோல்வி.

2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில், பெண்கள் இரட்டையர் இறகுப்பந்துப் போட்டி முதலில் பிரிவுச் சுற்றுகளாக நடந்தது. ஜூலை 31 அன்று, காலிறுதிக்கு ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்ட நான்கு இணைகள் இரண்டு ஆட்டங்களில் மோதின. தோற்றால் அடுத்த சுற்றில் வசதியான எதிரி வாய்ப்பார் என்று அவர்கள் கணக்கிட்டனர். பந்தை வேண்டுமென்றே வலையில் அடித்தனர். எல்லைக்கு வெளியே தள்ளினர். காசு கொடுத்து வந்த மக்கள் கூச்சலிட்டனர். மறுநாள் சீனா, இந்தோனேசியா, தென்கொரியா ஆகிய நாடுகளின் எட்டு வீராங்கனைகள் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். வெல்வதற்கு முழு முயற்சி எடுக்கவில்லை என்பதே குற்றச்சாட்டு.

அதே போட்டியில் வேறொரு பிரிவில் நம் நாட்டின் ஜுவாலா கட்டா, அசுவினி பொன்னப்பா இணை ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் வெளியேறியது. அப்பிரிவில் ஜப்பான் இணை சீன தைபே இணையிடம் தோற்ற ஆட்டத்தைக் குறித்து இந்தியா முறையிட்டது. முறையீடு ஏற்கப்படவில்லை. ஜப்பான் வீராங்கனைகள் மீது எக்குற்றமும் நிலைநாட்டப்படவில்லை. அவர்கள் உண்மையாகவே தோற்றிருக்கலாம். ஆயினும் பொய்யாய்த் தோற்றோர் மலிந்த அரங்கில், மெய்யாய்த் தோற்றவர் தம் தோல்வியை எவ்வாறு மெய்ப்பிப்பார்? வென்றவருக்குப் பதக்கம் சான்று. தோற்றவருக்கு அவருடைய வியர்வையன்றி வேறு சான்று ஏது? அந்தச் சான்றைத்தான் போலித் தோல்வி செல்லாக் காசாக்குகிறது.

"அப்படியானால் களைத்த வீரருக்கு ஓய்வு தருவதும் தவறா?" என்று அன்பர்கள் வினவலாம். அன்று. கூடைப்பந்தில் நீண்ட பருவத்தின் இறுதியில் முதன்மை ஆட்டக்காரர்களை அமர வைப்பது வழக்கமே. ஒரு செயலின் விளைவு என்று நாம் முன்னறிவதும், அச்செயலால் நாம் நாடுவதும் ஒன்றல்ல என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் காலந்தொட்டு அறநெறியாளர் காட்டும் வேறுபாடு. காயமுற்ற காலைக் காக்க ஓய்வு தருபவர் தோல்வியை முன்னறிகிறார், நாடுவதில்லை. களத்தில் இறங்கிய மற்றவர் வெல்லவே முயல்கின்றனர். தமக்கு வேண்டிய எதிரியைப் பெறுவதற்காகவே சிறந்தவரை அமர்த்துபவரோ தோல்வியையே நாடுகிறார். வெளியே இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். பிரித்தறிவது மனச்சான்று ஒன்றே.

தோற்றவருக்கு ஆதாயம் தரும் அட்டவணையை வகுத்தோருக்கும் இதில் பங்குண்டு. உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பு பின்னர் விதியைத் திருத்தி, பிரிவில் இரண்டாமிடம் பெறுவோர்க்கு எதிரியைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தது. நல்ல திருத்தம்தான். ஆனால் விதி அடைப்பது ஓர் ஓட்டையை மட்டுமே, உள்ளத்தை அன்று.

இது வீரர்களுக்கு மட்டும் உரிய பாடமா? கடினமான பணியைத் தட்டிக்கழிக்க நோயென்று விடுப்பு எடுக்கிறோம். அடுத்த வாரம் மெய்யாகவே காய்ச்சலில் கிடக்கும் உடன்பணியாளரை மேலாளர் ஐயத்தோடு பார்க்கிறார். இயன்றதை இயலாது என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், உண்மையிலேயே இயலாத ஒருவரின் சொல் மதிப்பிழக்கிறது. அவர் யாரென்று நமக்குத் தெரியாமலே போகலாம். சரிகையில் கலப்படம் செய்தவருக்கும், விரலால் தேய்த்துச் சோதிக்கப்படும் அந்த நெசவாளி யாரென்று தெரியாதல்லவா?