ஆராயாது பெற்ற பரிசு

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் இல்லத்துக்கு வந்திருந்த பேரன், ஒரு நாள் காலை கணிப்பொறியின் முன் அமர்ந்தவன், சிறிது நேரத்தில் முகம் வாடி எழுந்தான். மூன்று வாரங்களாக அவன் ஆடிவந்த விளையாட்டு அவனுடைய கணக்கிலிருந்து மறைந்துவிட்டது. என்ன நேர்ந்தது என்று கேட்டதற்கு முதலில் விடையில்லை. பிறகு மெல்ல மெல்ல வெளிவந்தது. இணையத்தில் அறிமுகமான ஒருவர், 3,000 ரூபாய் விலையுள்ள அவ்விளையாட்டை 800 ரூபாய் தந்தால் 'பரிசாக' அனுப்பிவைப்பதாகக் கூறினாராம். இவனும் தன் தந்தையின் கைப்பேசி வழியாகப் பணத்தைச் செலுத்தினான். பரிசும் வந்தது. வேறொரு விளையாட்டுக்கான குறியீட்டையும் அந்த மனிதர் இனாமாகக் கொடுத்திருந்தார். இப்போது பரிசு திரும்பப் பெறப்பட்டது என்று ஓர் அறிவிப்பு மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

"தாத்தா, நான் ஏமாந்துவிட்டேன்" என்று அவன் கண் கலங்கினான். அருகில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அவன் பாட்டி நிமிர்ந்து, "மீதி 2,200 ரூபாயை யார் கொடுத்தார்?" என்று கேட்டார்.

அந்த வினாவுக்கு அன்று எங்கள் இருவரிடமும் விடையில்லை. அதைத் தேடிப் போனபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். பெயரன் பெயர்த்தியர் உள்ள இல்லங்களில் இது பயன்படக்கூடும்.

அமெரிக்காவில் வால்வ் என்னும் நிறுவனம் 2003-ஆம் ஆண்டு ஸ்டீம் என்ற இணையக் கடையைத் தொடங்கிற்று. கணிப்பொறி விளையாட்டுகளை அங்கு வாங்கலாம். நண்பருக்குப் பரிசாகவும் அளிக்கலாம். முன்னாளில் வாங்கிய பரிசைத் தன் கணக்கிலேயே சேமித்துவைத்து, பின்னர் வேறொருவருடன் பண்டமாற்றுச் செய்யவும் முடிந்தது. 2017-ஆம் ஆண்டு அவ்வழி அடைக்கப்பட்டது. அதன்பின் வாங்கும் பரிசு நேரே நண்பரின் கணக்கைச் சென்றடைகிறது. ஆனால் விளையாட்டின் உள்ளே கிடைக்கும் அணிகலன்கள், ஆயுதங்களின் வண்ண உறைகள் முதலியவற்றை ஆடுவோர் இன்றும் தமக்குள் மாற்றிக்கொள்கின்றனர். கையால் தொட முடியாத இப்பொருள்கள் சில பல ஆயிரம் ரூபாய்க்கு விலைபோகின்றன என்றால், நம் தலைமுறையினர் நம்புவது அரிது. விலை உள்ள இடத்துக்குத் திருடன் வருவது புதிதன்று.

திருட்டு நடைபெறும் முறை இது. பிறருடைய வங்கி அட்டையின் எண்ணைக் களவாடியவன், அதனைக்கொண்டு விளையாட்டுகளையும் குறியீடுகளையும் வாங்கிக் குறைந்த விலைக்கு விற்றுவிடுகிறான். அட்டைக்கு உரியவர் சில நாளில் கண்டறிந்து வங்கியிடம் முறையிடுகிறார். வங்கி, கடைக்குச் சென்ற பணத்தை மீட்டுக்கொள்கிறது. கடையினர் பரிசைத் திரும்பப் பெறுகின்றனர். திருடன் மட்டும் ரொக்கத்துடன் அகன்றுவிடுகிறான். பாட்டி கேட்ட 2,200 ரூபாய் மட்டுமன்றி, விளையாட்டின் விலையான 3,000 ரூபாய் முழுவதுமே இப்படித்தான் எவருடைய அட்டையிலிருந்தோ போயிருக்க வேண்டும்.

இது சிறுவர்க்கு மட்டும் நேரும் இழப்பன்று. செக் நாட்டிலுள்ள வூப் என்னும் சிறு நிறுவனம் ஃபேக்டோரியோ என்ற விளையாட்டை உருவாக்கியது. களவாடிய அட்டைகளால் வாங்கப்பட்ட அதன் குறியீடுகள், ஜி2ஏ என்ற மறுவிற்பனைச் சந்தையில் 2016-இல் விலைபோயின. அத்தகைய குறியீடுகள் 198 என்று அச்சந்தையினரே பின்னர் ஒப்புக்கொண்டு, 2020-இல் 39,600 டாலர் ஈடு செலுத்தினர். இன்னொன்று இதைவிடத் திகைப்பூட்டுவது. கவுன்டர் ஸ்ட்ரைக் என்னும் விளையாட்டில் பெட்டகங்களைத் திறக்கும் சாவிகள் ஆடுவோரிடையே நாணயம்போலக் கைமாறிவந்தன. அவ்வாறு கைமாறும் சாவிகளில் ஏறத்தாழ அனைத்துமே மோசடியின் வழி வந்தவை என்று நம்புவதாக 2019-ஆம் ஆண்டு அக்டோபரில் வால்வ் நிறுவனம் அறிவித்து, புதிதாக வாங்கும் சாவிகளை மாற்றுவதற்குத் தடை விதித்தது. சாவியை வாங்கியோர் அத்தனை பேரும் திருடர்களா? அல்லர். பெரும்பாலோர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவர்கள்தாம்.

இவ்விடத்தில்தான் நம் முன்னோரின் நுண்ணறிவை எண்ணி வியக்கவேண்டியிருக்கிறது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரத்தில், இல்லறத்தார் ஏற்கும் கள்ளாமை விரதத்துக்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்படுகின்றன. திருடத் தூண்டுதல், திருடிய பொருளைப் பெறுதல், அரசநெறி மீறிப் பொருள் ஈட்டுதல், அளவையிலும் நிறையிலும் வஞ்சித்தல், போலியை மெய்ப்பொருளாக விற்றல் என்பன அவை. தானே சென்று திருடுதல் விரதத்தையே முறித்துவிடும். அதை யாரும் அறிவர். தன்னை நல்லவன் என்று எண்ணிக்கொண்டிருப்பவனே கால் வழுக்கும் இடங்களை இப்பட்டியல் காட்டுகிறது. இரண்டாவதாக நிற்பது என் பேரன் செய்தது.

"எனக்குத் தெரியாதே, தாத்தா" என்றான். உண்மைதான். ஆனால் மூவாயிரம் ரூபாய்ப் பொருளை எண்ணூறுக்கு ஒருவர் ஏன் தருகிறார் என்று அவன் ஒரு கணமேனும் நினைத்திருப்பான் அல்லவா? நினைத்ததாக அவனே ஒப்புக்கொண்டான். கேட்டால் கிடைக்காமல் போய்விடுமோ என்று கேட்கவில்லையாம். அறியாமை வேறு, அறிய விரும்பாமை வேறு. நம் நூல்கள் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்தும் பிரமாதம், அதாவது விழிப்பின்மை, என்பதையே முன்வைக்கின்றன. இதனை அவனிடம் கடிந்து கூறவில்லை. சந்தையில் விலை குறைத்துக் கேட்டுக் கிடைத்தால் மகிழ்ந்து திரும்பும் நாமும், அப்பொருள் எங்கிருந்து வந்தது என்று எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

இனி வேடதாரிகளைப் பற்றியும் கூறவேண்டும். நண்பனின் பெயரையும் படத்தையும் அப்படியே படியெடுத்துக்கொண்டு ஒருவன் வருகிறான். "அந்தப் பொருளைச் சிறிது நேரம் என்னிடம் கொடு" என்கிறான். இன்னொருவன், "உன்மேல் தவறுதலாகப் புகார் அளித்துவிட்டேன், உன் கணக்கு முடக்கப்படும், இந்த அதிகாரியிடம் பேசு" என்கிறான். அந்த அதிகாரியும் அவன் கூட்டாளியே. நிறுவனத்தின் ஊழியர் எவரும் உரையாடல் வழியே வந்து பொருளையோ கடவுச்சொல்லையோ கேட்பதில்லை. மூன்றாமவன் நடுவராக வருகிறான். இருவர் பொருளையும் அடைக்கலமாகப் பெற்றுக்கொண்டு மறைந்துபோகிறான். பொய்க் கடிதம் புனைதலும், அடைக்கலப் பொருளைக் கவர்தலும் வாய்மை விரதத்தின் அதிசாரங்களாக அதே அதிகாரத்தில் வைக்கப்பட்டுள்ளன. பணம் செலுத்தியதாகக் காட்டும் போலித் திரைப்படத்தை அனுப்புகிறவன் செய்வதும் பொய்க் கடிதம் புனைதல்தானே.

இவற்றுள் மிகவும் நுட்பமானது ஒன்று உண்டு. மெய்யான தளம்போலவே தோன்றும் போலித் தளத்தில் ஒருவன் தன் கடவுச்சொல்லை இட்டுவிடுகிறான். திருடன் அக்கணக்கில் ஒரு மறைச்சாவியை உண்டாக்கிக்கொண்டு, வாரக்கணக்கில் அமைதியாகக் காத்திருக்கிறான். கணக்குக்கு உரியவன் தன் உண்மை நண்பனுக்கு ஒரு பொருளை அனுப்ப முற்படும் நொடியில், அதனை நீக்கிவிட்டு, நண்பனின் பெயரும் படமும் தாங்கிய வேறொரு கணக்குக்குச் செல்லுமாறு அதே கோரிக்கையை மாற்றி அமைக்கிறான். கைப்பேசியில் இசைவு கேட்கப்படுகிறது. பெயரை மட்டும் பார்த்தவன் இசைவு தந்துவிடுகிறான். அந்தக் கணக்கு தொடங்கப்பட்ட நாளும் அங்கேயே காட்டப்பட்டிருக்கும், பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில், திங்கள்தோறும் சுமார் 77,000 கணக்குகள் கவரப்படுவதாக வால்வ் தெரிவித்தது. ஏமாறுவோர் புதியவர்களோ பேதைகளோ மட்டுமல்லர், தேர்ந்த ஆட்டக்காரர்களும் வணிகர்களும் கூட என்றும் அவ்வறிக்கை கூறிற்று. எனவே, ஏமாந்த பிள்ளையை அறிவிலி என்று ஏசுவது பொருந்தாது.

இவற்றையெல்லாம் கூறியபோது பேரன் ஒரு வினாவை எழுப்பினான். "எல்லா உயிர்களிடமும் நட்பாக இருக்கவேண்டும் என்கிறீர்கள். கேட்பவன் என் நண்பன்தானா என்று ஒவ்வொரு முறையும் சோதித்தால் அது அவனை அவமதிப்பது ஆகாதா?" எளிதில் தள்ளத்தக்க வினா அன்று. ஐயம் மனத்தைக் கறைப்படுத்தும் என்பது உண்மை. எல்லாரையும் கள்வராகக் காண்பவன் பொருளைக் காத்துக்கொள்ளலாம். அவன் நெஞ்சம் எந்நிலையில் இருக்கும்?

நான் அவனைச் சமையற்கட்டுக்கு அழைத்துச் சென்றேன். பாட்டி குடத்து வாயில் துணி கட்டி நீரை வடித்துக்கொண்டிருந்தார். நீரின்மேல் அவருக்குப் பகையில்லை. அதனைக் குற்றம் சாட்டவுமில்லை. வடிப்பது நம் வயிற்றைக் காப்பதற்கு மட்டும் என்று பலர் கருதுகின்றனர். துணியில் தங்கியதை எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே விடவேண்டும் என்று முன்னோர் வகுத்தது, நீரிலுள்ள சிற்றுயிர்களுக்காக அன்றோ? நண்பனின் கணக்கு திருடப்பட்டிருந்தால், அதைச் சோதித்து அறிபவனே அந்த நண்பனுக்கு முதலில் தெரிவிப்பவன். சோதியாமல் கொடுப்பவன் தன் பொருளை இழப்பதோடு, அடுத்த நண்பனை ஏமாற்றுவதற்குரிய கருவியையும் திருடன் கையில் கொடுத்துவிடுகிறான். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். நண்பனாயின் ஒரு நாள் பொறுப்பான். திருடனால் பொறுக்க இயலாது. ஸ்டீம் கடையும் இதை உணர்ந்தே, கைப்பேசி இசைவு முறையை அமைத்துக்கொள்ளாதவர் அனுப்பும் பொருள்களைப் பதினைந்து நாள்வரை நிறுத்திவைக்கிறது.

அடுத்த வாரம் பேரனே மீண்டும் வந்தான். இனாமாகக் கிடைத்த குறியீட்டை அவன் இன்னும் பயன்படுத்தியிருக்கவில்லை. வகுப்புத் தோழன் ஒருவன் அதனை 800 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாகச் சொன்னானாம். "விற்றால் போன பணம் திரும்பிவிடும், தாத்தா. அந்தக் குறியீடு ஒருவேளை நல்லதாகவும் இருக்கலாம்" என்றான். நான் பேசாதிருந்தேன். "அப்படியானால் நான்தான் அடுத்த ஆள்" என்று அவனே சிறிது நேரம் கழித்துச் சொன்னான். விற்ற மனிதரின் கணக்கைக் குறித்து அன்று மாலையே நிறுவனத்துக்கு முறையீடு எழுதினான். அட்டைக்கு உரியவர் யார் என்று அறியும் வழி இல்லாமையால், மூன்று வாரம் ஆடியதற்கு யாரிடம் கணக்குத் தீர்ப்பது என்பது அவனுக்குப் பெருங்குறையாகவே இருந்தது.

குறியீடு எழுதிய தாளைக் கிழித்தெறியப் போனவனைப் பாட்டி தடுத்துவிட்டார். நிறுவனத்தார் கேட்டால் காட்டவேண்டும் என்று அதை வாங்கித் தம் கணக்குப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்.