வேண்டுமென்றே தோற்கலாமா?



நண்பர்களே, இன்னைக்கு என் தப்பு ஒண்ணை ஒத்துக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணும்.

நாங்க பத்து பேர் ஆன்லைன்ல கூடைப்பந்து மேனேஜர் கேம் ஆடுறோம். ஆளுக்கு ஒரு டீம். கடைசி இடத்துல முடிக்கிற டீமுக்கு அடுத்த சீசன்ல புது வீரர்களை முதல்ல எடுக்கும் வாய்ப்பு. என் டீமுக்கு பிளேஆஃப் வாய்ப்பு போயிடுச்சு. அதனால நல்ல வீரர்களை பெஞ்சில் உட்கார வெச்சு, கடைசி நாலு மேட்சும் தோத்தேன். கேம் விதியில தடை இல்லை. 'ஸ்ட்ராடஜி'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ஆனா என்கிட்ட சுலபமா ஜெயிச்ச டீம், இன்னொரு நண்பனைத் தள்ளிட்டு பிளேஆஃப் போயிடுச்சு. அவன் கேட்டான்: "இந்த வாரம் நான் உன்கூட ஆடவே இல்லையேடா, எப்படி உன்னால தோத்தேன்?" என்கிட்ட பதில் இல்லை.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர் பேட்மிண்டன். காலிறுதிக்கு ஏற்கெனவே தகுதி பெற்ற ஜோடிகள், அடுத்து சுலபமான எதிரி வரணும்னு வேண்டுமென்றே சர்வீஸை வலையில் அடித்தார்கள். மறுநாள் சீனா, இந்தோனேசியாவின் தலா ஒரு ஜோடி, தென்கொரியாவின் இரண்டு ஜோடி என 8 பேர் தகுதி நீக்கம். குற்றம்: ஜெயிக்க முழு முயற்சி செய்யவில்லை.

அதே போட்டியில் நம்ம ஜுவாலா – அஸ்வினி ஜோடி ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் காலிறுதியை இழந்தது. அவர்கள் பிரிவில், ஏற்கெனவே தகுதி பெற்ற ஜப்பான் ஜோடி தைவானிடம் தோற்றதைப் பற்றி இந்தியா புகார் செய்தது, அது ஏற்கப்படவில்லை. ஜப்பான் ஜோடி நேர்மையாகவே தோற்றிருக்கலாம். ஆனா சிலர் வேண்டுமென்றே தோற்றால், உண்மையான தோல்வி மேலயும் சந்தேகம் விழுது பாருங்க.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்திலும் இதே தலைவலி. 1985-லேயே குலுக்கல் முறை கொண்டு வந்தாங்க. 2019-ல் கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக 14 சதவீத வாய்ப்புதான்னு மாத்தினாங்க. அப்படியும் 2023-ல் டல்லாஸ் அணிக்கு ஏழரை லட்சம் டாலர் அபராதம் போட வேண்டி வந்தது. விதி ஆசையைக் குறைக்கும், மனசை மாத்தாது.

"சுவாமிமலையில் சிவபெருமானே பிள்ளைகிட்ட பணிஞ்சாரே, அது தப்பா?"ன்னு நீங்க கேட்கலாம். போன கிருத்திகைக்கு நம்ம குமரக்கோட்டத்துல பிரகாரம் சுத்தும்போது இதைத்தான் யோசிச்சேன். அப்பன் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறது அன்பு. அங்கே மூணாவது ஆளுக்கு நஷ்டம் இல்லை. நான் செஞ்சதுல லாபம் எனக்கு, நஷ்டம் அந்த மேட்சிலேயே இல்லாத ஒருத்தனுக்கு. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஞானப்பழக் கதையை நினைச்சுப் பாருங்க. முருகன் பாதியில் மயிலை நிறுத்தல. உலகம் முழுக்க சுத்தி வந்துதான் தோத்தார். பழம் கிடைக்காம அவர் போய் நின்ன பழனி மலைக்குத்தான் இன்னைக்கும் காவடி எடுத்துட்டுப் போறோம். முழு மனசோட ஆடித் தோத்தா அது அவமானமே இல்லை.

லண்டனில் வெளியேற்றப்பட்ட இந்தோனேசிய வீராங்கனை கிரேசியா போலி, 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார். திருந்த வழி எப்பவும் இருக்கு.

நானும் நண்பன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். இந்த சீசன்ல என் டீம் எட்டாவது இடம். ஒவ்வொரு மேட்சிலும் முழு டீமும் இறங்குது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!