ஒரு சிறு கட்டமும் ஒரு பெரும் பொய்யும்

நோய்க்கு அஞ்சுவது மக்களுக்குப் பண்டுதொட்டு உள்ள இயல்பு. நோயினும் அதற்கு ஆகும் செலவுக்கு மிகுதியாய் அஞ்சுவது நம் காலத்து இயல்பு. மலேசியக் குடிமகன் ஒருவன் அரசாங்க ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவில் ஒரு ரிங்கிட் செலுத்தி வைத்தியம் செய்துகொள்ளலாம். எனினும், அங்குள்ள நெருக்கத்தையும் காத்திருப்பையும் எண்ணித் தனியார் ஆஸ்பத்திரியை நாடுவோர் பலர். ஆங்கு, பல ஆண்டுகள் வியர்வை சிந்திச் சேர்த்த பொருள் ஒரே வாரத்தில் கரைந்துபோதல் கூடும். ஆதலின், மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்றைத் தேடிப் புறப்படுவது முன்யோசனையுடையார் செயலேயாம்.

நமக்கு அறிமுகமான அன்பர் ஒருவர் அவ்வாறு புறப்பட்டார். தோட்டத்தில் பிறந்து, பட்டணத்தில் லோரி ஓட்டிப் பிழைப்பவர். நான்கு ஆண்டுகளாய் நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். அவர்முன் வைக்கப்பட்ட தாளில், "உமக்கு நீரிழிவு உண்டா?" என்றொரு வினா, அதனருகே 'ஆம்', 'இல்லை' என இரண்டு சிறு கட்டங்கள். தாளை நிரப்ப வந்த ஏஜெண்டு, "அண்ணே, 'இல்லை' என்று போடுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்றாராம். அன்பர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நம்மிடம் வந்தார். "ஐயா, கோடி கோடியாய் இலாபம் பெறும் கம்பெனியிடம் ஒரு பொய் சொன்னால் குற்றமா? என் பிள்ளைகளுக்காகத்தானே சொல்கிறேன்?" என்று வினவினார்.

இஃது எள்ளி நகைத்து ஒதுக்கத்தக்க வினாவன்று. ஆகவே, சற்று ஆராய்வோம்.

இன்ஷூரன்ஸ் என்பது யாது? பலர் சிறுதொகை இடுகின்றனர். அவருள் இடருற்ற சிலர்க்கு அத்தொகையினின்று உதவி செல்கிறது. தோட்டங்களில் மாதந்தோறும் சில்லறை சேர்த்து இழவு வீட்டுக்கு உதவிய மரண சகாய நிதியின் பெருவடிவமே இது. கம்பெனியார் தம் பங்கை எடுத்துக்கொள்வர் என்பது மெய்யே. ஆனால், செலவு மிகுந்தால் அவர் தம் பையிலிருந்து கொடுப்பதில்லை, பிரிமியத்தை உயர்த்துவர். 2024-ஆம் ஆண்டில் மலேசியாவில் அவ்வுயர்வு பொறுக்கவொண்ணாததாகவே, பேங்க் நெகாரா டிசம்பர் மாதத்தில் தலையிட்டு, அதனைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பி வசூலிக்கச் செய்தது. அவ்வுயர்வுக்கு மருத்துவச் செலவின் ஏற்றம் முதலான காரணங்கள் பல. எனினும், மறைத்த நோய்க்கு ஆகும் செலவும் முடிவில் உடன் செலுத்துவோர் தலைமேலேயே விழும். அவருள் நம் அண்டைவீட்டுக்காரரும் ஒருவராயிருக்கலாம்.

இனி, அப்பொய் பிள்ளைகளையேனும் காக்குமோ? காவாது. பணம் வாங்கும்போது ஆராயாத கம்பெனி, பணம் கொடுக்கும்போது ஆராயும். பழைய கிளினிக்குச் சீட்டு ஒன்றே போதும். 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டம், விண்ணப்பிப்போர் தக்க கவனத்துடன் விடையளிக்க வேண்டுமென்கிறது. வேண்டுமென்றே பொய்யுரைத்தது தெளிவானால் ஒப்பந்தத்தையே இரத்துச் செய்யக் கம்பெனிக்கு உரிமை உண்டு. பிள்ளைகளுக்காகச் சொன்ன பொய், தந்தை படுக்கையில் கிடக்கும் நாளில் அப்பிள்ளைகளையே தெருவில் நிறுத்தும்.

ஆனால், அகப்பட்டுக்கொள்வோம் என்னும் அச்சத்தால் மெய் சொல்வது தந்திரமேயன்றி அறமாகாது. அதனினும் கடுமையான கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. மெய் சொன்னவனுக்குக் கிடைப்பது என்ன? கூடுதல் பிரிமியம், அல்லது அந்நோய்க்கு விலக்கு, அல்லது 'இடமில்லை' என்னும் கடிதம்! 2019-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுடையோர். இந்தியரிடையே அவ்விகிதம் மற்ற இனத்தாரினும் மிகுதி. இதைத் தலைவிதி என்று சொல்லிக் கைகழுவுதல் அறிவுடைமையன்று. குடிவழியும் உணவும் வறுமையும் கூடி விளைத்த நோய்க்கு நோயாளியை மட்டும் குற்றவாளியாக்குதலும் நீதியன்று. 'மெய் சொல்லுக' என்று ஏழைக்கு உபதேசித்துவிட்டு, அம்மெய்க்குரிய தண்டனையையும் அவன்மீதே சுமத்துவது அறமாகுமா?

நோயாளர் மட்டுமே சேரின் எந்த நிதியும் நில்லாது என்று கம்பெனியார் கூறுவர், அக்கணக்குச் சரியே. ஆயின், அதற்குப் பரிகாரம் நோயாளரைத் தள்ளுவதன்று, எல்லோரையும் சேர்ப்பதே. சிங்கப்பூரில் 2015 நவம்பர் முதல் 'மெடிஷீல்டு லைஃப்' திட்டம் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவரையும், முன்னமே நோயுற்றோர் உட்பட, ஆயுள் முழுதும் ஏற்றுக்கொள்கிறது. கடும் நோயுடையோர் 10 ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதலாய்ச் செலுத்துவர். எவரும் வெளியே தள்ளப்படார். அதற்குமேல் தனியார் விற்கும் பாலிசிகள் இன்றும் நோயை விசாரிக்கவே செய்கின்றன. எனினும், அங்கே மெய் சொன்னவன் அடிப்படைக் காப்பை இழப்பதில்லை.

ஆகவே, கடமைகள் இரண்டு. மெய்யை எழுதுதல் தனிமனிதன் கடமை; மெய் சொன்னவன் நசுங்காமற் காத்தல் சமுதாயத்தின் கடமை. பின்னது நிறைவேறவில்லை என்பதால் முன்னதைக் கைவிடுவோமாயின், நம்மினும் எளியவன் பணத்தையே எடுத்தவராவோம். முன்னதை மட்டும் வற்புறுத்திப் பின்னதை மறப்போமாயின், கொடியோராவோம்.

பாலிசி தேடும் தோழர்கட்கு ஒரு சொல்: தாளை நீங்களே நிரப்புங்கள்; நிரப்பியதன் நகலைக் கேட்டுப் பெறுங்கள். காத்திருப்புக் காலம் எவ்வளவு, எந்நோய்க்கு விலக்கு, முதுமையில் பிரிமியம் எவ்வளவு உயரும், செலவில் உங்கள் பங்கு எவ்வளவு என்னும் நான்கையும் கையொப்பத்துக்கு முன்னரே விசாரியுங்கள். மலேசியாவில் பாலிசி கைக்கு வந்த 15 நாட்களுக்குள் அதனைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் மறவாதீர்கள்.

நம் அன்பர் 'ஆம்' என்னும் கட்டத்திலேயே குறியிட்டார். பிரிமியம் கூடிற்று, நீரிழிவு சார்ந்த சிகிச்சைக்கு விலக்கும் விதித்தனர். முழுக் காப்பு அவருக்குக் கிட்டவில்லை, கிட்டியது உறுதியானது. எஞ்சியதை அவருக்கு அளிக்க வேண்டியவர் யார்? தமிழ் மக்களே, சிந்திப்பீர்களாக!