கேட்டுப் பார்த்து மதிப்பிடுவோம்

2012-13 கல்வியாண்டில் தமிழகப் பள்ளிகளில், எட்டாம் வகுப்பு வரை, முப்பருவ முறையோடு புதிய மதிப்பீடும் வந்தது. செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்குமான வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண். பருவ இறுதித் தேர்வுக்கு 60. குழந்தை செய்து காட்டுவதும் கற்றலின் சான்றே என்று ஏற்ற நல்ல முடிவு அது.

ஆனால் பெற்றோர் ஒட்டித் தந்த தெர்மோகோலுக்கும் கடையில் வாங்கிய சார்ட்டுக்கும் மதிப்பெண் போட்டால், நாம் அளப்பது வீட்டின் வசதியைத்தான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு முடித்து வரும் பெற்றோருக்கு அதற்கு நேரம் ஏது?

பூந்தமல்லிப் பிள்ளைகள் பக்கத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியைக் களிமண்ணில் வகுப்பறையிலேயே செய்யட்டும். கரை கோணலாக இருக்கலாம், வண்ணம் வழிந்திருக்கலாம். மதகு எதற்கு, மழை மிகுந்தால் உபரிநீர் அடையாற்றில் ஏன் திறக்கப்படுகிறது, அப்போது கரையோர வீடுகளுக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். தன் சொற்களில் விடை சொல்லும் பிள்ளை பாடத்தைக் கற்றுவிட்டது.

அழகுக்குப் பாராட்டு தரலாம். மதிப்பெண் புரிதலுக்கே உரியது. மதிப்பெண் எழுதுமுன் ஒவ்வொரு பிள்ளையிடமும், “இதை ஏன் இப்படிச் செய்தாய்?” என்று கேளுங்கள்.