புது வண்டிக்கு ஒரு பூச்சு

ஒரு பொருளை விற்கிறவன் அது நல்ல பொருள் என்று சொல்லித்தான் விற்பான். அதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மாள் செவுளைத் தூக்கிக் காட்டி, "இப்பத்தான் கரைக்கு வந்துச்சு" என்கிறாள். அதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் பணத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்ட பிறகு, "இது வீடு போய்ச் சேர்வதற்குள் கெட்டுவிடும், கெடாமல் இருக்க என்னிடம் ஒரு மருந்து இருக்கிறது" என்று அவள் சொல்வதில்லை. சொன்னால் மீனை அவள் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிட்டு வந்துவிடுவோம்.

மோட்டார் வண்டி விற்கிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். நாம் திருப்பிப் போடுவதில்லை.

புதுச்சேரியில் சமீபத்தில் கார் வாங்கிய யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். விலை பேசி, கடன் எழுதி, கையெழுத்தெல்லாம் ஆன பிறகு ஒரு பையன் இன்னொரு காகிதத்தை நீட்டியிருப்பான். ஒரு காலத்தில் அதில் 'டெஃப்ளான்' என்று எழுதியிருந்தது. பிறகு 'செராமிக்' ஆயிற்று. இப்போது 'கிராஃபீன்' என்கிறார்கள். பெயர் மாறிக்கொண்டே வருகிறது. சொல்லும் காரணம் மட்டும் மாறுவதில்லை. "கடல் ஊரு சார். உப்புக் காத்து. பெயிண்ட் தாங்காது." அதற்குச் சில ஆயிரம் முதல் பல ஆயிரம் வரை.

இது வாங்கத் தகுந்ததுதானா என்ற கேள்விக்கு ஒரு மெக்கானிக் இரண்டு வரியில் பதில் சொல்லிவிடுவார். எனக்கு அதோடு தீரவில்லை. பயத்தை விற்பது எந்த இடத்தில் தவறாகிறது என்பதுதான் என்னை உறுத்துகிற கேள்வி. ஏனென்றால், உப்புக் காற்று பொய்யல்ல. கடற்கரைச் சாலைக்குப் பின்புறத் தெருக்களில் இரும்புக் கதவு வைத்திருக்கிறவர்களுக்கு அது தெரியும்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். இந்நாளில் ஒரு காரின் இரும்புக் கூட்டை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருவைத் தடுக்கிற பூச்சை மூலை முடுக்கெல்லாம் படிய வைத்து, பெரிய அடுப்பில் வைத்துச் சுடுகிறார்கள். ஃபோர்டு கம்பெனியில் 1960-களில் ஆரம்பித்து, 1970-களில் இன்னும் சீராகி உலகமெங்கும் பரவிய முறை இது. அதற்கு மேல் ஓர் அடிப்பூச்சு, அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி போன்ற நிறமற்ற பூச்சு. நான்கும் சேர்ந்து ஏறக்குறைய 100 மைக்ரான். ஒரு தலைமயிரின் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இத்தனையும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் கண்ணுக்குத் தெரியாத தூசிக்குக்கூட இடம் கொடுக்காமல் நடக்கிறது. இதற்கு மேல்தான் நம் ஊர்க் கடையின் பின்கட்டில் ஒரு பையன் பஞ்சை வைத்துத் தேய்த்து "பாதுகாப்பு" கொடுக்கிறான்.

டெஃப்ளான் கதை வேடிக்கையானது. 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற ரசாயன நிபுணர், வாயு இருக்க வேண்டிய உருளைக்குள் வெள்ளைப் பொடியைக் கண்டார். எதுவும் அதில் ஒட்டாது என்பதே அதன் பெருமை. ஆனால் எதுவும் தன்மேல் ஒட்டாத பொருள் தானும் எதன்மேலும் ஒட்டாதல்லவா? அதை அலுமினியத்தின்மேல் ஒட்ட வைக்க மார்க் கிரெகுவார் என்ற பிரெஞ்சுக்காரர் உலோகத்தை அமிலத்தால் சொரசொரப்பாக்கி, கடும் சூடு ஏற்ற வேண்டியிருந்தது. அவர் அதைச் சாதித்தது 1954-ல். அந்த நவம்பர் முதல் தேதியன்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரி நிர்வாகத்தை நம்மிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஒட்டாத தோசைக்கல் அப்படி வந்தது. அந்தப் பொருள் இளகவே 327 டிகிரி சூடு வேண்டும். அவ்வளவு சூட்டைக் கார்ப் பெயிண்டுக்குக் காட்டினால் காரே மிஞ்சாது. ஆகவே பஞ்சால் தேய்க்கிற 'டெஃப்ளான்' பெரும்பாலும் பெயரளவில்தான் டெஃப்ளான். உள்ளே இருப்பது நல்ல மெழுகுப் பாலிஷ்.

செராமிக் அப்படி அல்ல. முறையாகப் போட்டால் அது பெயிண்டோடு பிணைந்து, மெழுகைவிட நெடுநாள் நிற்கிறது. தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும், அழுக்கு லேசில் பிடிக்காது, பளபளப்பு கூடும். இதை மறுப்பது நியாயமாகாது. ஆனால் அதன் கனம் ஓரிரு மைக்ரான். கல் தெறித்தால் தடுக்காது. அதற்கு 150 மைக்ரானுக்கு மேல் கனமுள்ள ஒளிபுகும் படலம் ஒட்டுகிறார்களே, அது வேறு, அதன் விலையும் வேறு. "9-எச் கடினம் சார், வைரம் 10" என்று ஒரு பையன் சொல்லக் கேட்டேன். 9-எச் என்பது பென்சில் கணக்கு. 9-எச் பென்சிலால் கீறினாலும் கோடு விழாது என்று பொருள். வைரத்துக்கு 10 போடுகிற அளவுகோல் வேறு. இரண்டையும் அடுத்தடுத்து உச்சரித்துவிட்டால் போதும், கேட்கிறவர் மனசு தானாகக் கூட்டிக்கொள்ளும். பொய் சொல்லாமலே பொய் சொல்லுகிற வித்தை!

இனி, உப்பு எங்கே கடிக்கிறது? முகத்தில் அல்ல, காலில். சக்கர வளைவுகளின் உள்மடிப்பில், கதவின் கீழ் விளிம்பில், தண்ணீர் வடிகிற துளை மண்ணடைத்துப்போன இடத்தில், கல் பட்டுப் பெயிண்ட் உரிந்து உலோகம் தெரிகிற புள்ளியில். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு அங்கே இரவும் பகலும் வேலை செய்கிறது. இந்த இடம் எதற்கும் அந்தப் பஞ்சு போவதில்லை. அம்பாஸடர் காலத்தில் வண்டியின் அடியில் தார் போன்ற கறுப்புப் பூச்சு அடிப்பார்கள். அன்றைக்கு அதற்கு நியாயம் இருந்தது. அந்த இரும்புக்கு வேறு கதி இல்லை. நியாயம் போன பிறகும் பழக்கம் மட்டும் ரசீதில் ஒரு வரியாக நிலைத்துவிட்டது. அந்தக் கறுப்புப் பூச்சில் வெடிப்பு விழுந்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியே தெரியாமல் அரிக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளையர் நகரத்து வீடுகளில் இதே கூத்தைப் பார்க்கலாம். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் சுவர். உள்ளே ஏறிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஒரு வருஷம் அழகாக இருக்கும், பிறகு சிரங்கு போல் உரியும். பழைய ஆட்கள் அடிக்கடி சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். பத்து வருஷ உத்தரவாதம் கேட்கவில்லை.

வைத்திக்குப்பத்துப் பக்கம் படகுக்காரர்களைக் கவனித்திருக்கிறேன். கரைக்கு வந்ததும் இயந்திரத்தின் உள்ளே நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுகிறார்கள். உப்போடு பரம்பரையாகக் குடித்தனம் நடத்துகிறவர்கள் அவர்கள். அவர்களிடம் உள்ள 'பூச்சு' இவ்வளவுதான். அதையும் தினம் செய்ய வேண்டும்.

இங்கேதான் தவறின் வேர் இருப்பதாக எனக்குப் படுகிறது. விற்கிறவன் பயத்தைப் புதிதாக உண்டாக்கவில்லை. இருக்கிற பயத்தை எடுத்து, அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து பிடுங்கி, தான் விற்கிற இடத்தில் நட்டுவிடுகிறான். வாங்கியவரும் 'செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்' என்று கை அலம்பிவிடுகிறார். காசு போனதைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. கவனமும் அதோடு போய்விடுகிறதே! 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் நம்மருகே கரை கடந்து, ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ரெயின்போ நகரில் தண்ணீரில் நின்ற வண்டிகளில் மேல்பூச்சு போட்டவையும் இருந்திருக்கும், போடாதவையும் இருந்திருக்கும். தண்ணீர் வித்தியாசம் பார்க்கவில்லை.

"நிம்மதிக்கு விலை இல்லையா? மணக்குள விநாயகர் கோயில் வாசலில் புது வண்டிக்குப் பூஜை போட்டு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கிறோமே, அது எந்த மைக்ரான் கணக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நானே கேட்டுக்கொண்டேன். லட்சுமி யானை இருந்த நாளில் அதனிடமும் ஆசீர்வாதம் வாங்கினோம். 2022 நவம்பரில் அது இறந்தபோது ஊரே அழுதது. ஆனால் குருக்கள், "நீ வாங்கியது மட்டமான வண்டி, இந்தப் பழம் இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்" என்று சொல்லிப் பழத்தை விற்கவில்லை. பழத்தின் விலையும் பழத்தின் விலைதான். நிம்மதி வேண்டுமென்று நாமே தேடிப்போவது ஒன்று. நிம்மதியை முதலில் பறித்துக்கொண்டு, பிறகு அதையே தவணையில் திருப்பி விற்பது வேறொன்று.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பெரிய மார்க்கெட்டில் வெங்காயத்துக்கு ஐந்து ரூபாய் குறைய மூன்று கடை நடப்பவர். அவர் கார் வாங்கியபோது துணைக்குப் போயிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம்; எல்லாக் கடையும் அதுதான். காகிதம் வந்தது: 28,000 ரூபாய்.

"அப்ப கம்பெனிக்காரன் அடிச்ச பெயிண்ட் எதுக்குத் தம்பி?" என்றார் வாத்தியார்.

"அது பெயிண்ட் சார். இது புரொடெக்‌ஷன்."

"விட்டுடுப்பா" என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவர் மகள், "ஒன்பது லட்சம் போட்டாச்சு, இதுக்குப் போய் யோசிக்கணுமாப்பா?" என்றாள். ஒன்பது லட்சத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் 28,000 குள்ளமாகத்தான் தெரியும். தனியாக நிறுத்தினால் அது வாத்தியாரின் ஒரு மாத ஓய்வூதியத்தில் பெரும்பகுதி. வாத்தியார் கையெழுத்துப் போட்டார். உத்தரவாதப் புத்தகத்தை வீட்டில் வந்து நான்தான் படித்தேன். பறவை எச்சம், மரப்பிசின், உப்புத் தண்ணீர், கல் தெறிப்பு, இவற்றால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றிருந்தது. மிச்சம் என்ன சேதம் வரும் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன்.

வாத்தியாரை ஒரு நாள் சற்றுக் கடுமையாகவே கேட்டேன், தெரிந்தே ஏன் கொடுத்தீர்கள் என்று. அவர் சிரித்தார்.

"அந்தப் பையன் என்கிட்ட ஏழாம் வகுப்பு படிச்சவன். மாசக் கடைசி. ஒண்ணு குறையுதுன்னு காதோட சொன்னான்."

"இது தேவையில்லைன்னு அவன்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன். 'தெரியும் சார்'னான்."

இதைக் கேட்ட பிறகு அந்தப் பையனைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வாத்தியாரின் தர்மத்தையும் முழுக்க ஏற்க முடியவில்லை. அந்தப் பணத்தில் பையனுக்குப் போனது எத்தனை, மேலே போனது எத்தனை? பொய்யென்று தெரிந்தும் சொல்லப் பழகிய பிள்ளைக்கு, அது பலித்துவிட்டது என்ற பாடத்தையும் அவனுடைய வாத்தியாரே நடத்திவிட்டாரே! அடுத்து வருகிறவருக்கு அந்தப் பையனிடம் படித்த உறவு இருக்காது. அவர் நம்பித்தான் கொடுப்பார். வாத்தியாரிடம் இதையும் சொன்னேன். "நீ கதை எழுதுறவன், உனக்கு எல்லாம் அடுத்த அத்தியாயம் தெரியும்" என்று சொல்லிவிட்டார்.

சட்டம் இருக்கத்தான் இருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒன்றை வாங்க வேண்டுமானால் இன்னொன்றையும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று கட்டிப்போடுவதும், சரியாகச் சோதித்துப் பார்க்காத ஆயுளை உத்தரவாதமாகச் சொல்வதும் புகாருக்குரியவை. ஆனால் 28,000 ரூபாய்க்காகப் படி ஏறுகிற நுகர்வோர் எத்தனை பேர்?

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. கோயன் சகோதரர்கள் 1996-ல் எடுத்த 'ஃபார்கோ' என்ற அமெரிக்கப் படத்தில் இதே காட்சி வருகிறது. பனிப் பிரதேசம், அங்கும் துருதான் பூச்சாண்டி. வேண்டாமென்று சொல்லியும் பூச்சைப் போட்டுப் பணம் கேட்கிறான் விற்பனையாளன். முதலாளியிடம் கேட்டு வருவதாக எழுந்து போய், பக்கத்து அறையில் ஹாக்கி ஆட்ட டிக்கெட்டைப் பற்றி அரட்டையடித்துவிட்டு, நூறு டாலர் குறைத்த தியாகியாகத் திரும்புகிறான். அந்தக் காட்சியில் நான் சிரித்த அளவுக்கு என் பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை. அவர் அந்த வாரம்தான் கார் எடுத்திருந்தார்.

பளபளப்பே ஆனந்தம் என்கிறவர் செராமிக் போட்டுக்கொள்ளட்டும். பட்டுப்புடவைக்குக் காரணம் கேட்பதுண்டா? ஆனால் அதைப் பட்டு என்று சொல்லி வாங்க வேண்டும், கம்பளி என்று சொல்லி அல்ல. கடையில் அன்றைக்கே தலையாட்டாமல் ஒரு மாதம் கழித்து, வெளியே அந்த வேலையே தொழிலாகச் செய்கிறவரிடம், எந்தப் புட்டி, எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். "இன்னைக்கு மட்டும்தான் இந்த ரேட்" என்று சொல்லப்படுகிற எதுவும் நாளைக்கும் அதே விலைக்குக் கிடைக்கிறது.

உப்புக்குப் பயந்தவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும், கடலோரச் சாலையில் ஓட்டி வந்த பிறகும் வண்டியை மேலே தூக்கி அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்ல வேண்டும். ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில் அல்ல. கதவின் அடித்துளைகளை ஒரு குச்சியால் குத்திவிட வேண்டும். இதற்கு எங்கள் பக்கத்துப் பட்டறையில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்தேன். கழுவுவதற்கு 400 ரூபாய் என்றார்கள். குச்சி நாம்தான் கொண்டுபோக வேண்டும்.