பெயர் கெட்ட துறை



சென்ற ஆண்டு தை மாதத்தில் நான் அந்தமான் தீவுக்குச் சென்று திரும்பினேன். புறப்படுமுன் நம் சங்கத்து அன்பர் பலர், "அங்கே எதற்கு?" என்றே வினவினர். அவர்கள் வினவியதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1858ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் அங்கே தண்டனைக் குடியேற்றத்தை நிறுவிய நாள்தொட்டு அத்தீவுகளுக்குக் 'காலாபானி' என்னும் பெயர் ஒட்டிக்கொண்டது. 1896 முதல் 1906 வரை கட்டப்பெற்ற செல்லுலர் சிறையின் பெயரைக் கேட்டே நம் பாட்டன்மார் நடுங்கினர். ஆனால் நான் கூறவந்தது சிறையைப் பற்றியன்று. போர்ட் பிளேயர் நகரில் (2024ஆம் ஆண்டு முதல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) நான் கப்பலைவிட்டு இறங்கி, போக வேண்டிய ஊரின் பெயரைச் சொன்னவுடன் ஆட்டோ ஓட்டி ஒருவர் என் மூட்டையையும் என் வயதையும் ஒருமுறை நோக்கிவிட்டு, "சிப்பிகாட்டா? பொழுது சாய்ந்தபின் நீரோரம் நிற்காதீர், பெரியவரே. முதலை உண்டு" என்றார்.

தமிழ்க்காதுக்குச் சிப்பித் துறை என்று இனிமையாய் ஒலிக்கும் அவ்வூரில் என் பழைய நண்பர் ஒருவர் வாழ்கின்றார். தம் பெயரை எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டமையால் நண்பர் என்றே குறிக்கின்றேன். நாங்கள் இருவரும் ஒரே நூற்பாலையில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்தவர்கள். ஆலை மூடப்பட்டபின் நான் தம்ம நூல்களைக் கையிலெடுத்தேன். அவர் கட்டட வேலைக்கென்று தீவுக்குக் கப்பலேறி, அங்கேயே ஓர் உழவர் வீட்டில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்டார்.

அவரைப் பற்றி முதலில் ஒன்று கூறவேண்டும். ஆலைக்கு மேற்கே, இருப்புப்பாதைக்கு அப்பால் இருந்த எங்கள் குடியிருப்புக்கும் அந்நாளில் ஒரு பெயர் இருந்தது. இருட்டியபின் அப்பக்கம் சென்றால் கத்திக்குத்து விழும், பணப்பை போய்விடும் என்று ஊருக்குள் சொல்லுவர். தவணைக்குப் பாத்திரம் விற்பவர்கூட இருப்புப்பாதைக்கு இப்பாலேயே நின்று குரல் கொடுப்பார். என் நண்பரோ ஊர்ப்பக்கத்துப் பிள்ளை. ஒருநாள் இரவு வேலை முடிந்து வருகையில், "உங்கள் தெருவைப் பார்க்க வேண்டும் அண்ணா" என்றார். அழைத்துச் சென்றேன். என் தாயார் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் இட்டார். உண்டு முடித்தபின் அவர் நகைத்துக்கொண்டே, "இங்கே கத்தி இருக்கிறதென்றார்களே, எங்கே அம்மா?" என்று கேட்க, என் தாயார் அடுப்போரத்திலிருந்த அரிவாள்மணையைக் காட்டினார். அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பிள்ளையானார். பெயர் கெட்ட இடத்தில் பிறந்தவன் ஆகையால், பெயர் கெட்ட இன்னோரிடத்தைப் பற்றிப் பிறர் கூறுவதை அப்படியே நம்புவது எனக்கு எளிதன்று. உங்களில் பலருக்கும் எளிதாயிராது.

எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. எங்கள் தெருவின் கெட்ட பெயர் பொய். சிப்பிகாட்டின் கெட்ட பெயரோ முழுப்பொய்யன்று. அத்தீவுக் கூட்டத்தின் கழிகளில் வாழ்வன உவர்நீர் முதலைகள். ஆண் முதலை பதினாறடிக்கு மேலும் வளரும். 2010ஆம் ஆண்டில் ஹாவ்லாக் தீவின் கடற்கரையில் நீராடிய வெளிநாட்டுப் பெண்மணி ஒருவரை முதலை கொன்றது உலகமெங்கும் அறிந்த செய்தி. சிப்பிகாட் நெடுங்காலம் வயலும் தோப்புமாக இருந்த ஊர். அரசாங்கத்தின் பண்ணை ஒன்றும் அங்கே உண்டு. அவ்வூருக்கு நீர் வந்த விதம் வேறு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் நிகழ்ந்த, 9.1 அளவினதான நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலமே ஏறத்தாழ மூன்றடி தாழ்ந்துவிட்டது. வடக்கே நிலம் மேலெழுந்து பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன; தெற்கே நிலம் அமிழ்ந்து வயல்களில் கடல் புகுந்தது. சுனாமி அலை வந்து திரும்பிப்போகும். இந்த நீரோ திரும்பவில்லை. ஓதம் ஏறுந்தோறும் வயலுக்குள் வந்தது, இறங்குந்தோறும் உப்பை வைத்துவிட்டுப் போயிற்று. என் நண்பருக்கு மாமனார் கொடுத்த இரண்டு ஏக்கர் நெல்வயல் அந்த நீரின் அடியில் இருக்கின்றது. வரப்பு இருந்த இடத்தை அவர் விரல்நீட்டிக் காட்டியபோது எனக்கு நீர்ப்பரப்பு மட்டுமே தெரிந்தது. அவருக்கு வயல் தெரிந்தது.

நான் சென்று சேர்ந்த மறுநாள் மாலை, ஓதம் இறங்குகின்ற நேரம் பார்த்து என்னை அழைத்துச் சென்றார். நீருக்குள் பட்டுப்போன தென்னைகளும் கமுகுகளும் தலையற்ற தூண்களாய் நின்றன. அவற்றைச் சுற்றி நாரையும் கொக்கும், அந்தமானுக்கே உரிய சிறிய கிளுவை வாத்தும் கூட்டங்கூட்டமாய் மேய்ந்தன. நெல் விளைந்த இடத்தில் இப்பொழுது பறவை விளைகின்றது; அதைப் படமெடுக்க வெளியூரார் வருகின்றனர் என்று நண்பர் கூறினார். கூறியவர் குரலில் கசப்பு இல்லை.

அவர் நடந்த விதத்தை நான் கவனித்தேன். நீர்விளிம்பிலிருந்து இருபதடி உள்வாங்கியே நடந்தார். சேற்றில் பலகையை இழுத்தாற்போன்ற ஒரு தடத்தைக் கண்டு நின்று, அது இன்றையதா நேற்றையதா என்று குனிந்து பார்த்தார். ஒரே துறையில் ஒரே நேரத்தில் நாள்தோறும் இறங்கலாகாது. நாம் அதைப் பாராவிடினும் அது நம்மைப் பார்த்து நம் வழக்கத்தைக் கற்றுக்கொள்ளும் என்றார். மீன் கழுவிய நீரைக் கழியில் கொட்டுதல் கூடாது, அந்திக்குப் பின் நீரில் கைவைத்தல் கூடாது, மழைக்காலத்தில் தழைமேடு கண்டால் அது முட்டையிட்ட தாயின் காவல், விலகிப் போய்விட வேண்டும் என்றார். சிறிது தொலைவில், கண்டல் மர நிழலில், நீரின்மேல் இரண்டு குமிழ்கள் தெரிந்தன. "அதோ" என்றார். நான் நோக்குமுன் குமிழ்கள் இல்லை. ஓர் அலைகூட எழவில்லை. என் முழங்கால் நடுங்கிற்று என்பதைச் சொல்ல நாணவில்லை.

'அங்குலிமாலன் இருந்த காட்டுவழியில் ஆயரும் உழவரும் தடுத்தும் பகவன் தனியே நடக்கவில்லையா, நாம் ஏன் வழிகாட்டியைத் தேடவேண்டும்?' என்று நம் இளைஞர் சிலர் கேட்பர். பகவன் அறிந்து சென்றார். நாம் அறியாது செல்லின் அதற்குத் துணிவு என்று பெயரன்று. ஆலையில் கார்டிங் பிரிவில் நான் சேர்ந்த முதல்நாள், மூத்த தொழிலாளி ஒருவர் ஓடும் இயந்திரத்தின் முன் என்னை நிறுத்தி, கையை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்று ஒருமணி நேரம் காட்டினார். அவர் வலக்கையில் மூன்று விரல்களே இருந்தன. அந்த இயந்திரத்தை அவர் வெறுக்கவில்லை. அதற்கு அஞ்சி வேலையை விட்டுவிடவும் இல்லை. அதன் இயல்பை அறிந்து தம் கையை அடக்கினார். அந்த அடக்கத்தையே என் நண்பரின் நடையிலும் கண்டேன்.

முதலை என்றவுடன் நம் நூல்களைப் படித்தவர்க்குச் சாதுமா என்னும் சாக்கிய ஊரில் பகவன் ஆற்றிய உரை நினைவுக்கு வரும். புதிதாய்த் துறவு பூண்ட பிக்குகள் மீன்வலை இழுப்பார்போல் கூச்சலிட்டனர் என்று அவர்களை முதலில் வெளியேற்றி, பின்பு பிறர் வேண்டுகோளுக்கு இரங்கி ஏற்றுக்கொண்டு, நீரில் இறங்குவோனுக்கு உள்ள நான்கு அச்சங்களைக் கூறினார். அலை என்பது சினம். சுழி என்பது ஐம்புல இன்பம். கொடுமீனாகிய நான்காவதைப் பற்றி இங்கே பேசவேண்டிய தேவை இல்லை. முதலை எனப்பட்டது யாது? பிறரைக் கடிக்கும் கொடியவன் என்றன்றோ நாம் நினைப்போம்! பகவனோ அதற்கு வயிற்றாசை என்று பொருள் கூறினார். உண்பதில் ஒரு வரம்பு இட்டவுடன் வாயைக் கட்டிவிட்டார்களே என்று வெகுண்டு சங்கத்தைவிட்டு ஓடும் பிக்குவே முதலை வாய்ப்பட்டவன். இவ்வுரையை நான் பலமுறை படித்திருந்தும், வயிற்றுக்கும் முதலைக்கும் என்ன தொடர்பு என்பது சிப்பிகாட்டுக்குச் சென்ற பின்னரே எனக்கு விளங்கிற்று.

திரும்பும் வழியில் சாலையோரச் சரிவில் கோணிகள் கிடந்தன. கோழிக் குடலும் இறகும் மீன்தலையும் அழுகி நாறின; பாதி நீருக்குள் சரிந்திருந்தன. தெருநாய்கள் இழுத்துக்கொண்டிருந்தன. "யார் போட்டது?" என்றேன்.

"நாங்கள்தான் அண்ணா. கடைக்காரனும் போடுகிறான், கல்யாண வீட்டிலும் போடுகிறார்கள், என் வீட்டிலிருந்தும் போயிருக்கிறது. நாற்றத்துக்கு நாய் வரும். நாய்க்கு அது வரும்."

அன்றிரவு உணவுக்குப் பின் அவர் என்னைக் கொல்லைப்புறம் அழைத்துச் சென்று, சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு பொருளைக் காட்டினார். கொல்லன் உலையில் அடித்த இரும்புத் தூண்டில். ஒரு முழம் இருக்கும். ஐப்பசி மாதத்தில் அவருடைய சினையாட்டை முதலை கொண்டுபோயிற்று. அக்கம்பக்கத்தார் கூடிப் பணம் போட்டு இதைச் செய்தனர். கோழியைக் கோத்துக் கழியில் விடவேண்டியது ஒன்றே மீதி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம் என்று நான் கூறத் தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"சட்டம் எனக்குத் தெரியும் அண்ணா. வனத்துறையார்க்குச் சொன்னால் பிடித்துப்போய் வேறிடத்தில் விடுவார்கள் என்பதும் தெரியும். இன்னொன்று வரும். என் பேத்தி அந்தச் சாலையில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். உங்கள் சீலம் என்ன சொல்கிறது, அதைச் சொல்லுங்கள்."

அன்பர்களே, முதற்சீலத்தை நான் நாள்தோறும் காலையில் ஓதுகின்றேன். முதலை இல்லாத ஊரில், மின்விசிறியின் கீழ் அமர்ந்து ஓதுகின்றேன். ஆட்டை இழந்தவர், பேத்தியை உடையவர் கேட்கும்போது அதே சொற்கள் என் வாயில் எழவில்லை. நெடுநேரம் வாளாவிருந்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொன்னேன். அது மணிமேகலையில் வரும் சாதுவன் கதை.

பொருளையெல்லாம் கணிகையிடமும் சூதிலும் தொலைத்த சாதுவன், மனைவி ஆதிரையைப் பிரிந்து வணிகத்துக்குக் கப்பலேறுகின்றான். கப்பல் உடைகின்றது. ஒடிந்த மரத்தைப் பற்றி மிதந்து, ஆடையற்ற நாகர் வாழும் மலையில் கரையேறுகின்றான். மனிதரைத் தின்பவர் என்று பெயர் பெற்ற கூட்டம் அது. அவ்விடம் சோழர் கல்வெட்டுக் கூறும் நக்கவாரமே, அதாவது இன்றைய நிக்கோபாரே என்று கருதுவாரும் உண்டு. அங்ஙனமாயின் நாங்கள் அமர்ந்திருந்த திண்ணைக்குத் தெற்கே, அதே கடலில் நிகழ்ந்த கதை. தின்ன வந்தவர்களிடம் சாதுவன் அவர்கள் மொழியிலேயே பேசினான். அதனால் உயிர் பிழைத்தான். அவர்கள் தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்க, அவன் மறுத்துக் கொலையின் தீமையையும் வினைப்பயனையும் எடுத்துரைத்தான். 'உன் அறம் எங்களால் இயலுமா?' என்பதே தலைவனின் கவலை. அப்பொழுது சாதுவன் முழுத் துறவையும் அவன் தலையில் ஏற்றவில்லை. கலம் உடைந்து கரையேறுவோரைக் கொல்லாதீர். மூத்துத் தானே இறந்த விலங்கன்றி வேறு உயிரைத் தின்னாதீர் என்று, அவர்களால் தாங்கக்கூடிய அளவை அறிந்து உரைத்தான். தலைவன் அதை ஏற்றுக்கொண்டான். இக்கதையில் நான் பெரிதும் மதிப்பது சாதுவனின் இந்த அளவறிதலையே.

நண்பர் கதையை முழுதும் கேட்டார். கேட்டபின், "நாகனுக்கு மொழி இருந்தது. சாதுவனுக்கும் அது தெரிந்தது. முதலைக்கு எந்த மொழியில் சொல்லுவது அண்ணா?" என்றார்.

"முதலைக்கு மொழி இல்லை தம்பி. கோணி போடுகிறவனுக்கு இருக்கிறது."

அவர் விடை கூறவில்லை. உறங்கச் சென்றுவிட்டார். அது விடையாகுமா என்று எனக்கே ஐயம் எழ, நெடுநேரம் விழித்திருந்தேன். கொல்லாமையைக் கூறிவிட்டுக் கப்பலேறுபவன் நான். அந்தச் சாலையில் நடப்பவள் அவருடைய பேத்தி.

விடியற்காலையில் மண்வெட்டியின் ஓசை கேட்டு எழுந்தேன். நண்பரும் அவர் மனைவியாரும் வீட்டின் மேட்டுப்பக்கத்தில், நீரைவிட்டு வெகுதூரத்தில், குழி வெட்டிக்கொண்டிருந்தனர். இடுப்பளவு ஆழம். மீன்கழிவுக்கும் கோழிக்கழிவுக்கும் என்றார் அந்த அம்மையார். மேலே மண்ணும் சாம்பலும் போட்டால் நாற்றம் இராது, அக்கம்பக்கத்து வீட்டினரும் இதிலேயே போடலாம், கடைக்காரனிடம் தாமே போய்ச் சொல்லப்போவதாகவும் கூறினார். நானும் மண்வெட்டியை வாங்கிச் சிறிது வெட்டினேன். ஆலைக் கை, கால்மணி நேரத்தில் கொப்புளித்துவிட்டது. அவர்கள் நகைத்தனர்.

நான் புறப்பட்ட நாளில் குழி பாதி நிரம்பியிருந்தது. கைகழுவக் கொல்லைப்புறம் சென்றேன். தூண்டில் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எனக்குக் கொடுத்துவிடும்படி நான் கேட்கவில்லை. எடுத்துப் போங்கள் என்று அவரும் கூறவில்லை. பேத்தி பள்ளிப்பையை மாட்டிக்கொண்டு முன்னே செல்ல, நண்பர் அவளை நீர்ப்பக்கம் விடாமல் சாலையின் மேட்டோரமாகவே நடத்திச் சென்று, வழியில் என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டார்.